பைப் பாஸ் வீட்டுக் குளியலறை

கந்தப்பளை பஸாரில் இருக்கும் எங்கள் ஹாட்வெயார் கடைக்கு யாராவது வந்து, "ஷவருக்கு அரை இஞ்சி பைப்பு பத்து குடுங்க" என்று கேட்கும்போது சின்னராசா பாஸும் அங்கே நின்றால், நான் சாமானை எடுக்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்.

"டேங்கு எவ்வளவு ஒசரத்துல இருக்கு?"

வந்தவர் முழிப்பார். "மேல, மலையிலதான்" என்பார்.

"மலையிலதான் இருக்கும். ஒங்க கூரையிலேருந்து எத்தன அடி மேல? வீட்டுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?"

அவர் ஏதோ ஒரு கணக்குச் சொல்வார். சின்னராசா என் பக்கம் திரும்புவார். "மொதலாளி, இவருக்கு டேங்குலேருந்து ஒரு இஞ்சி குடுங்க. வீட்டுக்குள்ள முக்கா. ஷவர் ஏறுற எடத்துல மட்டும் அரை போதும்." பெரிய குழாய் விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறோம் என்று வந்தவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் கிடையாது. ஊற்றுத் தண்ணீரைச் சீமெந்துத் தொட்டியில் பிடித்து, அங்கிருந்து சரிவில் இறக்குவதுதான் வழக்கம். இறங்கும் தண்ணீருக்கு உயரம்தான் பலம். உயரம் குறைந்தால் குழாய் பெருக்க வேண்டும், தூரம் கூடினால் இன்னும் பெருக்க வேண்டும். பாத்டப் வைக்கிற வீடென்றால் அதற்கு முக்கால் அங்குலம் நேராகப் போக வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நிறைவதற்குள் வெந்நீர் ஆறிப்போகும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சின்னராசா சொல்லக் கேட்டதுதான்.

எங்கள் ஊரில் மேசன், தச்சன், குழாய் பூட்டுகிறவர் எல்லோருமே பாஸ்தான். சின்னராசா, பைப் பாஸ். கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் தேயிலையில் வேலை செய்தவர்கள். இவர் பதினேழு வயதில் நுவரெலியாவில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் சேர்ந்து தொழில் படித்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் குழாய் பூட்டாத ஹோட்டல் நுவரெலியாவில் குறைவு. பழைய பங்களாக்களை உடைத்துத் திருத்தும் வேலை வந்தால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார். சனிக்கிழமை பின்னேரம் வீடு, திங்கட்கிழமை விடிய வேலை.

வீட்டில் மனைவி சீதாலெட்சுமி. முப்பத்துநாலு வருஷம் கொழுந்து எடுத்தவர். அதிகம் பேசாத மனுஷி. பேசினால் சிரிப்பு வரும்படி பேசுவார். ஒரே மகள் ரூபிகா, கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை.

சீதாலெட்சுமிக்கு ஐம்பத்தைந்து வயதாகித் தோட்டத்து வேலையிலிருந்து நின்றபோது, கணவரிடம் ஒன்று கேட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராதான் அவர்களுடையது. பின்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே ஒரு குளியலறை கட்ட வேண்டும்.

"இத்தன வருசமா பீலியில குளிச்சிட்டேன். இனிமே ஒரு கதவ சாத்திக்கிட்டு குளிக்கணும்" என்றாராம்.

லயத்துக்குக் கீழே, படிகள் இறங்கிப் போனால் பீலி. ஊற்றிலிருந்து ஒரு பெரிய குழாய் வழியாக எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு, போகிற வருகிற ஆட்களுக்கு நடுவே குளிப்பார்கள். வேலை முடிந்து வந்த உடம்போடு சீதாலெட்சுமி அங்கே குளித்த வருஷங்கள் எத்தனை என்று அவருக்குத்தான் தெரியும்.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. நாடு முழுக்கச் சாமான் தட்டுப்பாடு. என் கடைத் தட்டுகள் பாதி காலியாகக் கிடந்தன. சின்னராசா வந்து முக்கால் அங்குலக் குழாய் கேட்டபோது என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"எப்ப வருமுன்னு சொல்ல முடியாது பாஸ். அரை இருக்கு. இப்பைக்கு அத பூட்டுங்க. வந்ததும் மாத்திக்கலாம்" என்றேன்.

தொட்டி அவர் கூரைக்குப் பத்தடி மேலேதான் இருந்தது. தூரமோ இருநூற்றைம்பது அடி. அரை அங்குலத்தில் என்ன வரும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஆனால் சீமெந்து குழைத்தாகிவிட்டது, மேசன் வந்து நிற்கிறார்.

"சரி, குடுங்க. பொறவு மாத்துவோம்" என்று வாங்கிப் போனார்.

குளியலறை அழகாக வந்தது. மூன்று ஹோட்டல்களில் மிஞ்சிய மாபிள்களை ஒட்டியிருந்தார். ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் வெள்ளை, தரை செங்கல் நிறம். சீதாலெட்சுமி லயத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஷவரைத் திறந்தபோது தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. "மொதல்ல அப்பிடித்தான் வரும். பெரிய பைப்பு போட்டதும் கொட்டும்" என்று அவரே எல்லோருக்கும் விளக்கம் சொன்னாராம்.

ஆறு மாதத்தில் என் கடைக்கு முக்கால் அங்குலக் குழாய் வந்தது. நான் மறக்கவில்லை. சின்னராசாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் வந்தார். அன்றைக்கு அவர் நானுஓயாவில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் வேலையில் இருந்தார். எட்டு அறைகள், எட்டிலும் ஷவர், நாலில் பாத்டப். வந்த குழாய் முழுவதையும் லொறியில் ஏற்றினார்.

"வீட்டுக்கு எடுக்கலையா பாஸ்?" என்று கேட்டேன்.

"நம்ம வீடு எங்க போயிறப்போகுது மொதலாளி. இவங்களுக்கு சீசனுக்கு முந்தி முடிக்கணும்."

கெஸ்ட்ஹவுஸ் முடிந்து இன்னொன்று வந்தது. அது முடிந்து ஒரு பங்களா. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் சீதாலெட்சுமி அடுப்பில் வெந்நீர் வைத்து, வாளியில் விளாவி, கணவருக்குக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அந்த ஒன்றரை வருஷத்தில் தன் வீட்டு ஷவரின் கீழ் தான் ஒரு நாள்கூட நின்றதில்லை என்று சின்னராசா பிற்பாடு என்னிடம் சொன்னார். மனைவியும் ஒரு வார்த்தை முறையிடவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துநாலு தை மாதம். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்த ஒரு காலை. சீதாலெட்சுமி பீலிக்குக் குளிக்கப் போனார். பாசி பிடித்த படியில் கால் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. அடுத்த காம்பரா நிஷாந்தி கண்டு ஆட்களைக் கூட்டி வந்து, கம்பளியில் வைத்துத் தூக்கி, ரோட்டுக்குக் கொண்டுபோய் வேனில் ஏற்றினாள். கண்டி ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். ஆனால் நடை திரும்பவில்லை. ஏற்கெனவே எலும்பு தேய்ந்திருந்தது, சீனி வருத்தமும் இருந்தது என்றார்கள்.

சின்னராசா பங்களா வேலையை வேறொரு பாஸிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். சமைத்தார், துணி துவைத்தார். நிஷாந்தியும் அவருமாகச் சீதாலெட்சுமியின் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். தண்ணீரில் நின்று பழகிய உடம்பு. துடைத்தால் போதுமா?

"என் மேல நாத்தம் அடிக்குதா?" என்று தினமும் கேட்பாராம்.

"இல்லடி."

"பொய் சொல்லாதீங்க. எனக்கே அடிக்குது."

நாலு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் சின்னராசா கடைக்கு வந்து, சீமெந்துப் பையைக் கிழித்த காகிதம் ஒன்றைக் கவுண்டரில் விரித்தார். பென்சிலில் வீடு, குளியலறை, அதற்குப் பின்னால் தேயிலைச் சரிவு எல்லாம் வரைந்திருந்தது.

"பெரிய தொட்டியிலேருந்து ஒரு இஞ்சி இழுத்துர்றேன் மொதலாளி. செய்ய வேண்டியத இப்பவாவது செஞ்சிர்றேன்."

ஒரு அங்குலக் குழாயை எடுத்துப் போனார். மூன்றாம் நாள் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நடந்தது இதுதான். அந்தத் தொட்டி பன்னிரண்டு காம்பராவுக்குப் பொது. சின்னராசா வாய்க்கால் வெட்டத் தொடங்கியதும் நிஷாந்தி வந்து நின்றிருக்கிறாள்.

"மாமா, நீங்க ஒரு இஞ்சி இழுத்தீங்கன்னா காலையில எங்க பக்கம் சொட்டுத் தண்ணி வராது. எனக்கு கைப்புள்ள இருக்கு. அத்தைக்காகன்னு நான் வாய மூடிக்கிட்டு இருக்கலாம். மத்தவங்க இருப்பாங்களா?"

உள்ளே படுக்கையிலிருந்து சீதாலெட்சுமி சொன்னாராம்: "அவ சொல்றது ஞாயம். ஊரு தண்ணிய புடுங்கி நான் குளிக்க வேணாம்."

அன்று முழுக்க அவர் வேலை செய்யவில்லை. அடுத்த நாள் வேறு விதமாக யோசித்துக்கொண்டு கடைக்கு வந்தார். பொதுத் தொட்டியிலிருந்து வரும் பழைய அரை அங்குலம் அப்படியே இருக்கட்டும். அது மெதுவாக ஊறி ஊறி, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வைக்கும் ஐந்நூறு லீற்றர் டேங்கை நிரப்பும். யாருக்கும் குறையாது. அந்த டேங்கிலிருந்து குளியலறைக்கு இருபதடி தூரம்தான். அதற்கு ஒரு அங்குலம், சுவருக்குள் முக்கால், ஷவருக்குத் திரும்பும் கடைசி முழங்கை மூட்டில் அரை. மேடு தோட்டத்து நிலம் என்பதால், தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் போய்க் கேட்டார். தேயிலைச் செடி ஒன்றையும் பிடுங்காமல் டேங்குக்குத் தாங்கி கட்டினால் சரி என்று விட்டார்.

வெந்நீருக்கு, ஒரு பழைய பங்களாவில் கழற்றிப் போட்டிருந்த விறகுப் பொயிலர் கிடைத்தது. கரண்டில் சுடவைக்கிற ஹீட்டர் நான் காட்டினேன். "தண்ணி வேகம் கொறஞ்சா அது வேல செய்யாது மொதலாளி. வெறகு இருக்கிற ஊருதானே" என்றார். பாத்டப் ஒன்றும் சும்மா தருவதாக அந்தப் பங்களாக்காரர் சொன்னாராம். வேண்டாம் என்றுவிட்டார். அதில் அவளை இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமில்லை, உட்காரவைத்து மேலேயிருந்து தண்ணீர் விழுவதுதான் சரி என்றார்.

ஆனி மாதம் வேலை முடிந்தது. தாங்கித் தூண்கள் இறுகுவதற்கு மழை விடாமல் பத்து நாள் கூடுதலாக எடுத்தது. முதல் நாள் பொயிலரை மூட்டி, சீதாலெட்சுமியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதிரையில் உட்காரவைத்து, நிஷாந்தி பிடித்துக்கொள்ள, சின்னராசா திறந்தார். தண்ணீர் கொட்டியது. ஆவி எழும்பி மாபிளெல்லாம் வேர்த்தது. சீதாலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரை வாங்கினார். இருபது நிமிஷம். டேங்கில் பாதி காலி.

கூந்தலைத் துவட்டி, கம்பளியைச் சுற்றிப் படுக்கவைத்த பிறகு சின்னராசா கேட்டிருக்கிறார். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தாராம். வாய் நிற்கவில்லை.

"இப்பிடி தண்ணி அன்னிக்கே வந்திருந்தா நீ பீலிக்கு போயிருக்க மாட்டே, என்ன?"

சீதாலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தார். "போயிருப்பேன்" என்றார். "நான் தண்ணிக்கா போனேன்? பீலிக்கு போனாத்தான் நாலு பேர பாக்கலாம், பேசலாம். வீட்டுல சொவத்தோடயா பேசறது? நீங்க ஒண்ணயும் போட்டு கொழப்பிக்காதீங்க."

அன்றிலிருந்து தனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது என்று சின்னராசா சொன்னார். கடைக்கு வரும்போது முகத்தில் தெரிந்தது. ஐந்து மாதம், ஒன்றுவிட்ட ஒரு நாள், அந்தக் குளியல் நடந்தது. ரூபிகா லீவில் வந்தபோது தாயின் முதுகைத் தேய்த்துவிட்டாள். பாட்டுக்கூடப் பாடினார்களாம் இரண்டு பேரும்.

கார்த்திகையில் மழையும் குளிருமாக இருந்த வாரம் சீதாலெட்சுமிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் காலை மூச்சு நின்றுவிட்டது. சாவுக்குத் தோட்டத்து ஆட்கள் மட்டுமல்ல, நுவரெலியாவிலிருந்து ஹோட்டல்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். நானும் போனேன். சின்னராசா அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போடுவதும் கொட்டகைத் தார்ப்பாயைக் கட்டுவதுமாக வேலை செய்துகொண்டே இருந்தார். ரூபிகாதான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நாலு மாதம் அவர் தொழிலுக்குப் போகவில்லை. பங்குனியில் என் வீட்டுக் குளியலறையைத் திருத்த வேண்டியிருந்தது. வேறு பாஸைக் கூப்பிட மனமில்லாமல் அவரிடம் கேட்டேன். வந்தார். சுவரையும் மோட்டாரையும் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு மோட்டார் இருக்கு, பிரஷர் நல்லா இருக்கு. ஷவருக்கு அரையே போதும். சும்மா பெருசு போட்டு என்னத்துக்கு" என்றார். பாத்டப்புக்கு மட்டும் முக்கால் எழுதினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, சுவரில் வெட்டிய தடத்தைக் கையால் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மொதலாளி, கருமாதி அன்னிக்கி நிஷாந்தி ஒண்ணு சொல்லிச்சு. அது ஒண்ணும் நெனச்சு சொல்லல. அத்தைய பத்தி நல்லதாத்தான் சொல்லிச்சு."

"என்ன சொன்னா?"

"சீதா பீலிக்கு எப்பயுமே எல்லாரும் வேலைக்கி போனதுக்கு பொறவுதான் போவுமாம். ஏன் அத்தை, எங்களோட வந்தா பேச்சுத் தொணையா இருக்குமேன்னு நிஷாந்தி கேட்டிருக்கு. அதுக்கு சீதா, 'பைப் பாஸ் பொண்டாட்டி பீலிக்கு வந்து குளிக்கிறான்னு ஆளுங்க சிரிப்பாங்க. அந்த மனுசனுக்கு அசிங்கம்'னு சொல்லியிருக்கு." தடத்திலிருந்த தூசியை ஊதினார். "வாரத்துல மூணு நாளு, நாலு நாளு போயிருக்கு மொதலாளி. அந்த ஷவர்ல தலை நனையவே அரை மணித்தியாலம் ஆவுமாம். அன்னிக்கி விழுந்தப்பயும் பக்கத்துல ஒரு ஆளு இல்ல. நிஷாந்தி புள்ளைக்கு துணி அலசப் போயித்தான் கண்டிருக்கு. எவ்வளவு நேரம் கெடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

நாலு பேரைப் பார்க்கத்தான் போனேன் என்று அவர் மனைவி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எனக்காக பொய் சொல்லியிருக்கு" என்றார். "நானும் அத நம்பிக்கிட்டு அஞ்சு மாசம் நிம்மதியா தூங்கியிருக்கேன்."

"அரை இஞ்சிய எடுத்துக் குடுத்தது நான்தானே பாஸ்" என்றேன்.

"நீங்க வித்தீங்க. பூட்டினது நானு. முக்கா வந்துருச்சுன்னு நீங்க போன்ல சொன்னீங்க. அத எடுத்துட்டுப் போயி நானுஓயாவுல பூட்டினதும் நானு." சுத்தியலை எடுத்தார். "ரூபிகாவுக்கு இது தெரிய வேணாம். அதோட அம்மா அதுக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு வேலையைத் தொடங்கினார். அன்று மாலைவரை அந்த அறையிலிருந்து சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்டது. என் மனைவி தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். அது அப்படியே ஆறிக் கிடந்தது.

சித்திரைக்கு ரூபிகா வந்து அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனாள். நிரந்தரமாக அங்கேயே தங்கட்டும் என்று அவளுக்கு ஆசை. பதினைந்து நாளில் திரும்பி வந்துவிட்டார். மேட்டிலிருக்கும் டேங்கை அடிக்கடி பார்க்க வேண்டும், தண்ணீர் நிரம்பி வழிந்தால் தேயிலைக்குள் மண் அரித்துவிடும் என்று மகளிடம் காரணம் சொல்லியிருக்கிறார்.

இப்போது மறுபடி தொழிலுக்குப் போகிறார். ஆனால் தங்கி வேலை செய்வதில்லை. போன மாதம் நல்லதண்ணி என்ற ஊரில் ஒரு பெரிய லொட்ஜ் வேலை வந்தது. இரண்டு மாதம் அங்கேயே இருந்து முடிக்க வேண்டியது, நல்ல வேலை. நான்தான் அவர் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தேன். மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன் பாஸ்?" என்று கேட்டேன்.

"தூரம் மொதலாளி. பொழுதுக்கு வீட்டுக்கு வந்துரணும்" என்றார்.

முன்பு சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்தவர், இப்போது எந்த வேலையானாலும் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார். பொழுது சாயுமுன் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிடுகிறார் என்று நிஷாந்தி சொன்னாள். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.